கைத்தொலைபேசியில் கடைசி அனுமதி யாருடையது?

ஹெவ்லொக் டவுனிலோ வெள்ளவத்தை காலி வீதியிலோ முழுக் காசும் கொடுத்து வாங்கிய அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில், கூகிளின் பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிய ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, திறந்தால் ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படித்துவிட்டு அனுமதித்தால் செயலி உள்ளே வரும். கடைசிச் சொல் இதுவரை சொந்தக்காரருடையது. 2025 ஓகஸ்டில் கூகிள் அறிவித்த திட்டம் இதில் கை வைக்கிறது. ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வருகிறது. புதுப்பிப்பு என்ற பெயரில் போலி நுழையாதபடி தொலைபேசி அதைச் சரிபார்க்கிறது. இனி அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் தன் அடையாளத்தைக் கூகிளிடம் பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்றைய நாடுகள். எதிர்ப்புக் கிளம்பியதும், ஆபத்தை அறிந்தே நிறுவுவோருக்குத் தனி வழி விடுவதாக நவம்பரில் சொன்னார்கள். அந்த வழி எவ்வளவு அகலம் என்பதையும் கூகிளே தீர்மானிக்கும்.

இத்திட்டத்துக்குக் கூகிள் சொல்லும் காரணத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இணையத்திலிருந்து நேரே இறக்கும் செயலிகளில் தீநிரல், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கு மேல் என்பது கூகிளின் கணக்கு. இந்தியாவில் போக்குவரத்துத் தண்டச் சீட்டு என்று வட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பைத் திறந்து பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர். ஆனால் அந்தக் களவு நடக்கும் விதத்தைப் பாருங்கள். செயலி வந்து உட்கார்ந்ததால் மட்டும் காசு போவதில்லை. அது குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கிறது, கிடைத்ததும் வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கத்தை எடுத்துக்கொள்கிறது. காவல் இறுக வேண்டிய இடம் அந்த அனுமதிதான். வாசலில் காவல் நிற்பதன் பலனையும் கண்டோம்: 2021 ஏப்ரலுக்கும் 2022 ஜூலைக்கும் இடையில் 2,500க்கு மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகிள் தன் சொந்தக் கடையிலிருந்தே அகற்ற நேர்ந்தது.

இலங்கையருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. ஒவ்வொரு தடவையும் மக்கள் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகளைத் தேடிப் போனார்கள். செயலி வர ஒரே வாசல்தான் என்றால், அந்த வாசற்காவலனை மிரட்டினாலே அரசுக்குப் போதும். 2017இல் சீனா கேட்டபோது அப்பிள் தன் கடையிலிருந்து விபிஎன் செயலிகளை நீக்கியது. அங்குள்ள சாதாரண ஐபோன்காரர் பிறகு எங்கே போய் எடுப்பது?

வயதான பெற்றோரின் தொலைபேசி பூட்டியே இருக்கட்டும் என்பது நியாயம். எல்லாத் தொலைபேசியும் பூட்டியபடியே விற்பனைக்கு வரட்டும், எச்சரிக்கையும் கடுமையாக இருக்கட்டும். திறப்பு மட்டும் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பா சட்டம் போட்டுத்தான் 2024 மார்ச்சில் ஐபோனில் வேறு கடைகளுக்கு இடம் பெற்றது. 2027 வருமுன் நம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் திறப்பு வாங்கியவர் கையிலேயே இருக்கும் என்ற உறுதியைக் கூகிளிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.