காலியிடமும் கணக்கும்

மில்லர்புரத்து மாணவர் ஒருவர் தம் ஆய்வுக் கோப்புகளைச் சம கொள்ளளவுடைய இரு வட்டுகளில் நகலெடுத்து வைத்திருப்பதாகக் கொள்வோம். மீதியிடமோ வேறுபடுகிறது. ஏதேனும் தொலைந்துவிட்டதா?

துறைமுகப் பண்டகசாலையில் ஓர் அறையில் ஒரு வணிகரின் சரக்கே வைக்கலாம் என்று விதி இருப்பின், இரண்டே மூட்டை வைத்தவருக்கும் முழு அறை வேண்டும். வட்டும் அவ்வாறே சம அறைகளாகப் பகுக்கப்பட்டது. 5,000 பைட்டுக் கோப்பு, 4,096 பைட்டு அறைகளாயின் இரண்டை, அதாவது 8,192 பைட்டுகளை அடைக்கும். 1,31,072 பைட்டு அறையாயின் ஒன்றை முழுவதும் அடைக்கும். இத்தகைய 10,000 கோப்புகள் முதல் வட்டில் சுமார் 8 கோடி பைட்டுகளையும், மற்றதில் சுமார் 131 கோடியையும் கொள்ளும்!

அழித்த கோப்புகள் குப்பைத்தொட்டியில் மறைந்து கிடப்பதும் மற்றொரு காரணம்.

ஆகவே காலியிடத்தை மட்டும் கண்டு அஞ்சவும் வேண்டாம். அது ஒத்திருப்பதால் நிம்மதியடையவும் வேண்டாம். கோப்புகளின் எண்ணிக்கையையும் அவற்றின் உண்மை அளவையும் முதலில் ஒப்பிடுக. பின்னர், உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுக. அவையும் ஒத்தாலன்றி மூலத்தை அழித்தல் ஆகாது.