கடல் கடந்த தத்து: பத்திரம் மட்டும் போதாது

அமெரிக்காவில் வேலை, திருமணமாகிப் பல வருடங்கள், குழந்தை இல்லை. ஊரில் தம்பிக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியை அண்ணனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். நல்ல நாள் பார்த்து மடியில் வைத்துக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரமும் பதிவாகிவிடுகிறது. விசா கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றவர் கொடுத்து மற்றவர் வாங்கிக்கொண்டால் தத்து செல்லும். ஆனால், அது உள்ளூர் கணக்கு. நாடுகளுக்கு இடையிலான தத்து குறித்த 1993-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003-ல் சேர்ந்தது. அதன்படி, குழந்தையை அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இதற்கான அமைப்பு ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். அதன் தடையின்மைச் சான்று இல்லாமல் குழந்தை சட்டப்படி வெளிநாட்டுப் பெற்றோரிடம் போய்ச் சேர முடியாது. இந்துச் சட்டப்படி தத்தெடுத்தவர்களும் இந்தச் சான்று பெற 2021-ல் தனி விதி வந்தது. மாவட்ட ஆட்சியர் நிலையில் சரிபார்ப்பு நடக்கும்.

‘சொந்தப் பிள்ளைதானே’ என்ற வாதமும் எல்லா இடத்திலும் எடுபடாது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தத்துக்காக வரையறுக்கும் உறவு சிறியது: பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டிகள், அவ்வளவுதான். ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஹேக் வழியில் குழந்தையை அழைத்துக்கொள்ள, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. ஆகவே, பத்திரம் பதியும் முன்பே வாழும் நாட்டின் தத்து அமைப்பைக் கேட்டுவிடுவது நல்லது. வரிசை மாறினால் குழந்தை இங்கே, பெற்றோர் அங்கே என்று வருடங்கள் ஓடிவிடும்.

உறவில் அல்லாமல் இல்லத்துக் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கு வழி வேறு. வாழும் நாட்டிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட முகமை வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதும். அதன் பேரில் காராவின் இணையதளத்தில் பதிவு நடக்கும். குழந்தையைக் குழந்தைகள் நலக்குழு ‘தத்துக்கு உரியவர்’ என்று அறிவித்திருக்க வேண்டும். ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. தத்து ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். வெளிநாடுவாழ் இந்தியருக்கு உள்நாட்டவருக்குச் சமமான முன்னுரிமை. வெளிநாட்டவரின் முறை அதற்குப் பிறகுதான் வரும். 2024-25 நிதியாண்டில் காரா வழியே நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்தன.

இத்தனை தாள் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் இலங்கையின் கதையைப் படிக்க வேண்டும். 1980-களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பலருடைய ஆவணங்கள் போலி. கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் ‘நான்தான் தாய்’ என்று சொல்லிக் குழந்தையை ஒப்படைத்த சம்பவங்கள் பின்னாளில் வெளிவந்தன. வளர்ந்த பிள்ளைகள் ஆவணத்திலுள்ள பெயரைத் தேடி வந்தால், கதவைத் திறக்கும் பெண்ணுக்கும் தங்களுக்கும் ரத்த உறவே இல்லை என்று தெரிகிறது. நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 2021-ல் இதுபோன்ற முறைகேடுகளை அடுக்கியபோது, அந்த நாடு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. சீனா 2024-ல், உறவினர் தத்து போன்ற சில விலக்குகளோடு, வெளிநாட்டுத் தத்துக்குக் கதவை அடைத்தது. சட்டம் கேட்கும் தாள்கள் பெற்றோருக்குத் தொல்லைதான். பிள்ளைக்கோ அவைதான் பூர்வீகம். ‘நன்கொடை கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் எட்டாத பகுதி வீட்டுக்குள் இருக்கிறது. தமிழ் மட்டுமே பேசும் ஐந்து வயதுக் குழந்தை இத்தாலிக்கோ ஸ்பெயினுக்கோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லத்தில் ஹாலில் பாய் விரித்துப் பத்துப் பேரோடு படுத்த பிள்ளைக்கு, தனியறையும் பொம்மைகளும் பரிசாகத் தெரியாது, பயமாகத்தான் இருக்கும். ஆயா குழைத்து ஊட்டிய ரசம் சாதத்தின் இடத்தில் திடீரென்று பாஸ்தா வந்தால் தட்டைத் தள்ளிவிடும். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைத்துப் போகும் முன் ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போது தூங்கும், எதற்கு அழும், என்ன சொல்லித் தட்டிக்கொடுப்பீர்கள்? முடிந்தால் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வயிறு, சிறுநீர் போன்ற அன்றாடத் தேவைக்கான பத்து இருபது தமிழ்ச் சொற்களையாவது பெற்றோர் கற்றிருக்க வேண்டும். குழந்தை புது மொழியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், பேச ஆளில்லாத தமிழ் சில மாதங்களில் போய்விடும்.

தத்தெடுப்பவர்கள் தமிழர்களாக இருந்தால் சிக்கல் வேறு வடிவில் வரும். ‘நிறத்தைப் பார்த்தால் உங்க ஜாடையே இல்லையே’ என்று கல்யாண வீட்டில் கேட்கும் அத்தைகள் நம்மிடம் ஏராளம். பிள்ளையிடம் விஷயத்தை மறைக்கும் பழக்கமும் நம்மிடம்தான் அதிகம். அது தவறு என்பதே என் கருத்து. வெளிநாட்டுப் பள்ளியில் வம்சாவளி வரைந்து வரச் சொல்வார்கள்; மருத்துவர் குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்று கேட்பார். மூன்றாம் மனிதர் வாயிலாகத் தெரிவதற்குள், விவரம் தெரியும் முன்பே கதைபோலச் சொல்லத் தொடங்கிவிட வேண்டும்.

நலக்குழுவின் ஆணை, குழந்தையின் ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, தடையின்மைச் சான்று, தத்து ஆணை ஆகியவற்றில் இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றைப் பிள்ளையின் பெயரிலேயே பத்திரப்படுத்துங்கள். இந்திய விதிப்படி, 18 வயது நிறைந்ததும் அவர் தம் வேர்களைத் தேடித் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.