மொட்டை மாடியில் 6 லாரி தண்ணீர் மாயம்! தாம்பரம் வீடுகளில் வருஷா வருஷம் நடக்கும் கூத்து

ஆறு லாரி தண்ணீரைக் காணோம். போலீசில் புகார் இல்லை. சாட்சி சொல்ல ஆளும் இல்லை. காரணம், பறிகொடுத்தவருக்கே பறிபோனது தெரியாது!

கணக்கைப் பாருங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடி 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சென்னை வட்டாரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மாடியில் மட்டும் விழுவது ஏறக்குறைய 78 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் ஆறு லோடு, அதற்கு மேலும் கொஞ்சம். அத்தனையும் பைப்பில் இறங்கித் தெருச் சாக்கடையோடு போய்விடுகிறது. சித்திரையில் அதே வாசலில் குடத்தோடு நின்று, "லாரி வந்துச்சா?" என்று கேட்கிறோம்.

முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் 1-ந்தேதி காலை முதல் மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறியது. தெருவில் படகு ஓடியது. நாலு வருஷம் முடியவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது!

குழிக்குள் செருப்பு!

"அதெல்லாம் 2003-லேயே தொட்டி கட்டியாச்சு சார்" என்பீர்கள். கட்டினோம், வாஸ்தவம். மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு 'கட்' என்று சட்டம் வந்த வருஷம் அது. ஊரே கொத்தனாரைத் தேடி ஓடியது. அதற்கப்புறம் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் குடியிருக்கும் சேலையூர் வீட்டில் போன ஆவணி மாசம் திறந்தோம். பிளம்பர் கடப்பாரையால் நெம்பினார். உள்ளே ஒரு ரப்பர் செருப்பு, பால் கவர்கள், மாடி மண், அரசமர வேர். கூழாங்கல் எங்கே என்றே தெரியவில்லை.

"தம்பி, இதுல தண்ணி எப்படி இறங்கும்? காதை அடைச்சுக்கிட்டா பேசுறது கேக்குமா?" என்றார் பிளம்பர். வீட்டுக்காரம்மா வாயைத் திறக்கவில்லை.

கல்லையும் மணலையும் அள்ளிக் கழுவித் திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி போயிற்று. ஐப்பசி மழையில் பலன் தெரிந்தது. வழக்கமாக நிரம்பி வாசலில் வழியும் குழி, மழை விட்ட அரை மணியில் காலி!

கிணற்றை மூடாதீங்க!

பல்லாவரம், தாம்பரம் பக்கம் தரைக்கு அடியில் பாறை. போர் போட்டால் கிடைப்பது பாறை வெடிப்பில் நிற்கும் தண்ணீர்தான். ஆகவே பழைய கிணறு உள்ள வீட்டுக்காரர் பாக்கியசாலி. மாடிப் பைப்பை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டால் போதும். ஆனால் நடப்பது என்ன? கார் நிறுத்த இடம் வேண்டுமாம். இடித்த செங்கல்லைக் கொட்டிக் கிணற்றை மூடுகிறார்கள். இதைக் 'கொலை' என்று எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். எழுதவில்லை.

முதல் மழைத் தண்ணீர் மட்டும் கிணற்றுக்கு வேண்டாம். அதில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும். வெளியே விட்டுவிடுங்கள்.

போகிப் புகை

மழை ஓய்ந்தால் தை. 2018 போகி அன்று கிளம்பிய புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. கிழிந்த பாய் ஒன்றை எரிப்பது வேறு. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது வேறு. கொளுத்தியவர் வீட்டுக் குழந்தைதான் முதலில் இருமும்.

கோடையில் அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. சுத்திகரிப்பு மெஷின் கழிக்கும் தண்ணீர் தரை துடைக்க. காய்கறித் தோலுக்கு ஓட்டை போட்ட பழைய பக்கெட்டும் காய்ந்த சருகும் இருந்தால் இரண்டு, மூன்று மாசத்தில் எரு. தெருவில் வீசினால் அது எங்கே போகும் என்று மேற்குத் தாம்பரம் கன்னடபாளையம்காரர்களைக் கேளுங்கள். குப்பை மேட்டு நாற்றத்தை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்கள் அவர்கள்.

ஆடி முடிந்ததும் குழி மூடியைத் திறந்துவிடுங்கள். துருப்பிடித்து அசையவில்லையா? தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடச் சொல்கிறார் எங்கள் பிளம்பர். வேலை முடிந்ததும் இறுக்கி மூடுங்கள். கொசுவும் உள்ளே போகக்கூடாது, குழந்தையும் உள்ளே விழக்கூடாது.