புதிய கார் வாங்கும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, உங்கள் வீட்டில் புதிய கார் வாங்கும் பேச்சு எழுந்திருக்கிறதா? ஒருவர் விலையைப் பார்ப்பார், ஒருவர் நிறத்தைப் பார்ப்பார், அண்ணன் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார். விற்பனையாளரோ மாதத் தவணையை மட்டும் சொல்வார். இவர்களுக்கு நடுவே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளியில் படிக்கும் அறிவியலையும் கணிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் அது.

பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய கடன் கார்க் கடன். ஒன்பது ஆண்டுக் கடன் என்றால் 108 தவணைகள். இன்று முதலாம் படிவத்தில் இருக்கும் ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் வயதில்தான் அந்தக் கடனும் முடியும். அதனால் "எது நல்ல கார்?" என்று கேட்பதை விட, "நம் பயணத்துக்கு எது பொருந்தும்?" என்று கேட்பதே சரி.

முதலில் பயணத்தை அளவிடுங்கள்

எந்தச் சோதனையும் அளவீட்டில்தான் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், காரில் எத்தனை பேர், நெரிசலா நெடுஞ்சாலையா?

கிள்ளானில் வாழும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு மாதம் 1,000 கிலோமீட்டர், பள்ளி, டியூஷன், சந்தைக்கு 300, சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போவதைச் சராசரியாக்கினால் 200. மொத்தம் மாதம் 1,500 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி ஒருவரோ இருவரோ மட்டும் போகும் பயணம். ஆண்டில் சில நாள்கள்தான் ஐவரும் பைகளோடு ஏறுகிறார்கள். கார் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். ஆனால் செலவைத் தீர்மானிப்பது அன்றாடப் பயணம்தான்.

எண்ணெய்ச் செலவு

கார் 'அ' 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது, கார் 'ஆ' 9 லிட்டர் குடிக்கிறது என்போம். 1,500 கிலோமீட்டருக்கு முதல் காருக்கு 90 லிட்டர், இரண்டாவதற்கு 135 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 90 ரிங்கிட் வித்தியாசம். ஒன்பது ஆண்டில் அது 9,720 ரிங்கிட்!

ஏன் இந்த வித்தியாசம்? பாடநூலில் 'தெனாகா கினெட்டிக்' என்று படிக்கிறீர்களே, அந்த இயக்கச் சக்தியை நினைத்துப் பாருங்கள். நெரிசலில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சக்தி வெப்பமாகி வீணாகிறது. பிறகு மீண்டும் பெட்ரோலை எரித்து அதைச் சேர்க்க வேண்டும். கார் கனமாக இருந்தால் இழப்பும் அதிகம். ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பிரேக் பிடிக்கும்போது அதில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகின்றன. அதனால்தான் அவை நகரத்தில் சிக்கனமாக ஓடுகின்றன.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு. அது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்கு ஏறினால் வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது. காற்றுத் தடையோ ஏறக்குறைய 50 விழுக்காடு கூடிவிடுகிறது. உயரமும் அகலமும் கொண்ட எஸ்யுவி இந்தத் தடையை இன்னும் அதிகமாகச் சந்திக்கும்.

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். தரை வீட்டுக்காரர்கள் இரவில் வாசலிலேயே மின்னேற்றலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதற்கு வசதி உண்டா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய இயந்திரம்?

விசை = பொருண்மை × முடுக்கம். 1,000 கிலோகிராம் காரில் ஐவரும் பைகளும் சேர்ந்து 360 கிலோகிராம் ஏறினால், அதே விசைக்கு முடுக்கம் கால் பங்குக்கு மேல் குறையும். தனியாக ஓட்டிப் பார்த்தபோது துடிப்பாக இருந்த சிறிய கார், தீபாவளிக்கு ஊர் போகும்போது இருவழிச் சாலையில் லாரியை முந்தத் தடுமாறும். இது ஆபத்தானது.

கெந்திங் மலை ஏறுவதையும் கணக்கிடலாம். 1,360 கிலோகிராமை 1,700 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 23 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவு சக்தி இருந்தாலும், இயந்திரம் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால் கிடைப்பது 8 மெகாஜூல். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே சுமார் 3 லிட்டர் செலவாகும்.

நகருக்குள் இருவர் மட்டும் போவதானால் 1.0 லிட்டர் இயந்திரம் போதும். முழுச் சுமையோடு அடிக்கடி மலையோ தொலைவோ போகும் குடும்பத்துக்கு 1.3 அல்லது 1.5 லிட்டர் பொருந்தும். அதற்கு மேல் போனால் சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் செடான் காருக்கு 1,000 சிசி வரை 20 ரிங்கிட், 1,499 சிசிக்கு 90 ரிங்கிட், 1,998 சிசிக்கு 379 ரிங்கிட்.

இடத்தையும் மறக்க வேண்டாம். பெரோடுவா மைவியின் பின்புறத்தில் பொருள் வைக்கும் இடம் 277 லிட்டர். அதே நிறுவனத்தின் பெஸ்ஸாவில் 508 லிட்டர். ஏழு பேர் கார்களில் மூன்றாம் வரிசையை விரித்தால் பை வைக்கும் இடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

குறைக்கக் கூடாத ஒன்று

பட்ஜெட் இடிக்கும்போது பலர் முதலில் வெட்டுவது பாதுகாப்பு அம்சங்களைத்தான். அது ஏன் தவறு என்று பாருங்கள்.

ஆசியான் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிட்டுச் சோதிக்கிறது. இது வினாடிக்கு 17.8 மீட்டர். சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம்.

அந்த வேகத்தில் போகும் கார் மோதி நிற்கிறது. உள்ளே 60 கிலோகிராம் எடையுள்ள நீங்கள் 0.1 வினாடியில் நின்றால் உங்கள் உடல் தாங்கும் சராசரி விசை 10,700 நியூட்டன். 0.02 வினாடியில் நின்றால் அது ஐந்து மடங்கு, 53,000 நியூட்டனுக்கு மேல். காரின் முன்பகுதி நசுங்குவதும், காற்றுப்பை விரிவதும், இருக்கைப் பட்டை சற்றே இளகுவதும் அந்த ஒரு சிறு நேரத்தை நீட்டத்தான். நசுங்காத கார் உறுதியான கார் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 10 கிலோகிராம் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா, அதே 0.1 வினாடியில் அதைப் பிடித்து நிறுத்த 1,780 நியூட்டன் விசை வேண்டும். அது 180 கிலோகிராம் பொருளைத் தூக்குவதற்குச் சமம். எந்தத் தாயாலும் முடியாது. 2020 முதல் நம் நாட்டில் குழந்தை இருக்கை கட்டாயமானதன் காரணம் இதுதான். பின்னிருக்கைப் பட்டை 2009 முதலே கட்டாயம். கார் பார்க்கும்போது காற்றுப்பைகள் எத்தனை, குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா, நட்சத்திர மதிப்பீடு எந்த ஆண்டு விதிப்படி கிடைத்தது என்று கேளுங்கள். விதிகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

தவணை குறைந்தால் விலை குறையுமா?

50,000 ரிங்கிட் கடன், அசல் முழுவதற்கும் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கணக்கிடும் 3 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி 7,500 ரிங்கிட், மாதத் தவணை சுமார் 958. ஒன்பது ஆண்டில் கட்டினால் தவணை 588 ஆக இறங்குகிறது, வட்டியோ 13,500 ஆக ஏறுகிறது. குறைந்த தவணைக்குக் கொடுக்கும் விலை 6,000 ரிங்கிட். முன்பணத்தைச் சற்றுக் கூட்டி, ஆண்டைக் குறைக்க முடிந்தால், அந்தப் பணத்தில் பாதுகாப்பு அம்சங்கள் கூடிய காரையே வாங்கலாம்.

தவணையோடு பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு, டோல் எல்லாவற்றையும் கூட்டி மாதச் செலவு என்ன என்று பெற்றோரிடம் காட்டுங்கள். அந்தத் தொகை குடும்ப வருமானத்தை நெருக்கினால் ஒரு படி சிறிய காரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஓட்டிப் பார்க்கும் நாளில் முழுக் குடும்பமும் போங்கள். பாட்டி சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறாரா? ஐவர் அமர்ந்தபின் மேட்டில் கார் ஏறுகிறதா? ஊருக்குக் கொண்டுபோகும் பைகள் பின்னால் அடங்குகின்றனவா? விடைகளை அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கங்களை எல்லாரும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.