தந்தையின் சுக்கானும் ஒரு மொறிஸ் மைனரும்

ஹரோவில் ஒரு வீட்டின் பின்புறக் கராஜில், 1955ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று ஒரு மாரிகாலம் முழுவதும் ஸ்ரியரிங் இல்லாமல் நின்றது. மற்றெல்லாம் முடிந்திருந்தது. சாம்பல் வர்ணம் பூசியாயிற்று. இருக்கைகளுக்குத் தோல் தைத்தாயிற்று. இயந்திரம் முதல் உதையிலேயே இயங்கியது. ஓட்டுநர் ஆசனத்தின் முன்னே ஸ்ரியரிங் தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. அதற்குரிய ஸ்ரியரிங், உரிமையாளரின் படுக்கையறை அலுமாரியில் ஒரு பழைய சாரத்தினால் சுற்றப்பட்டு இருந்தது. அது தம் தந்தையாரின் காரிலிருந்து கழற்றியது என்றார் அவர்.

கொக்குவிலில் அவரது தந்தையார் நாற்பது ஆண்டு வைத்திருந்ததும் ஒரு மைனர்தான். ஸ்ரீ எழுத்துக்கு முந்திய கார். அதாவது வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ திணிக்கப்பட்டு எதிர்ப்பு எழுவதற்கு முன்னர், சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டு எழுத்துக்களைத் தாங்கிப் பதிவானது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, காரைக் கொண்டுபோக எண்ணெய் இல்லை. வேறெவரும் ஓட்டிச் சென்றுவிடக் கூடாதென்று கிழவர் ஸ்ரியரிங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஸ்ரியரிங் கையில் இருந்தது. 2003இல், போர்நிறுத்தக் காலத்தில் ஊருக்குப் போன மகன் அதனைப் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “கார் எங்கே?” என்று கேட்டாராம்.

மொறிஸ் மைனரைப் பற்றி எம்மவர்க்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதனை ஆக்கியவரும் ஓர் அகதி என்பது பலருக்குத் தெரியாது. அலெக் இசிகோனிஸ் 1906இல் துருக்கியின் ஸ்மிர்னா நகரில், கிரேக்கத் தந்தைக்கும் ஜேர்மன் தாய்க்கும் பிறந்தவர். 1922இல் அந்நகர் எரிந்தபோது பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மோல்ற்றாவில் இறக்கப்பட்டது அக்குடும்பம். தந்தை அங்கேயே இறந்துபோக, தாயும் மகனும் 1923இல் இங்கிலாந்து வந்தனர். லண்டன் பற்றசீ பொலிரெக்னிக்கில் படித்த இசிகோனிஸ் கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தவறினார். (பிள்ளைகளின் புள்ளிகளை எண்ணி உறக்கம் இழக்கும் பெற்றோர் இதனைக் கவனத்திற் கொள்க.) அவர் வரைந்த மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. கொதிநீரில் உடைத்துவிட்ட முட்டை போலிருக்கிறது என்று இகழ்ந்தார் கொம்பனித் தலைவர் நபீல்ட் பிரபு. பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1971இல் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

பழைய காரைப் புதுப்பிக்கும் கலையில் ஸ்ரியரிங்குக்குத் தனியிடம் உண்டு. ஓட்டுபவரின் கை இடைவிடாது படும் உறுப்பு அது. எனவே முதலில் கெடுவதும் அதுவே, மாற்றப்படுவதும் அதுவே. மாட்டுவண்டிச் சில்லுக்கு எமது தச்சர் வழங்கும் சொற்கள் இங்கும் அப்படியே பொருந்துகின்றன: நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிவர வட்டை. உண்மையானதா என அறிய இம்மூன்றையும் பார்க்கவேண்டும். குடத்தின் உட்பற்கள் தண்டின் பற்களோடு இசைகின்றனவா? ஆரக்கால்கள் எத்தனை, எவ்வகை? வட்டையின் பின்புறத்தில் செய்தவர் பெயரோ அச்சு இலக்கமோ உண்டா? கொவென்றிக்கு அருகிலுள்ள வோல்ஸ்ரன் கிராமத்து புளூமெல்ஸ் கொம்பனியின் பெயர் பல பிரித்தானிய ஸ்ரியரிங்குகளில் காணப்படும். ஆரம்பகால மைனர்களின் ஆரக்கால்கள் மெல்லிய உருக்குக் கம்பிகளை வரிசையாக நீட்டிச் செய்தவை. பான்ஜோ வாத்தியத்தின் தந்திகள் போலிருப்பதால் அப்பெயரே அவற்றுக்கு வழங்கலாயிற்று. 1956இல் மைனர் 1000 வந்தபோது குழிந்த வடிவமும், 1964இல் இரண்டு ஆரக்கால் வடிவமும் வந்தன. அமெரிக்காவில், பெரிய இயந்திரம் பூட்டிய அறுபதுகளின் கார்களுக்கு இது இன்னும் பெரிய வியாபாரம். 1965, 1966ஆம் ஆண்டுக் கொர்வெட் கார்களுக்கு மேலதிக விலைக்குத் தேக்குமர ஸ்ரியரிங் கொடுத்தார்கள். இன்று அதன் விலை உயர உயரப் போலிகளும் பெருகுகின்றன. மிகப் புதிதாகத் தோன்றும் பழைய பொருளைச் சந்தேகிப்பதே நல்லது.

வார்விக்‌ஷயரின் கேடன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருளகம் கட்டணத்துக்கு ஒரு சான்றிதழ் வழங்குகிறது. தொழிற்சாலை ஏட்டின்படி கார் எந்நாளில் செய்யப்பட்டது, முதல் வர்ணம் யாது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பன அதில் இருக்கும். ஸ்ரியரிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அதற்குக் கண்ணும் அனுபவமுமே சாட்சி.

ஹரோ நண்பர் சாரத்துப் பொதியை அவிழ்த்தது தெற்கு லண்டனில், இத்தொழிலில் நரைத்த ஓர் ஆங்கிலேயரின் மேசையில். உடன் சென்ற எனக்கு அந்த நிமிடம் மறவாது. முதியவர் கையிலெடுத்த மாத்திரத்தே தலையை அசைத்தார். “இது மொறிஸ் அல்ல.” கம்பி ஆரக்கால்கள் இல்லை. பரணிலிருந்து ஒஸ்ரின் ஏ 40 காரின் ஸ்ரியரிங் ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். அச்சொட்டாக ஒத்திருந்தது. பின்னர் குடத்தைத் திருப்பிக் காட்டினார். ஒஸ்ரினின் குடத்தைக் கடைசலில் கடைந்து, அதனுள்ளே மொறிசின் குடத்தை இறக்கி, பித்தளை வைத்து ஒட்டியிருந்தார்கள். “இதைச் செய்தவன் கெட்டிக்காரன்” என்றார் முதியவர்.

நண்பரின் முகம் வாடியது. இருபது வருடமாக அவர் காத்துவந்தது தந்தையின் காரோடு பிறந்த உறுப்பு அல்லவென்றாயிற்று. எனக்கோ வேறொன்று விளங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் கார் ஓடியதே ஒரு விந்தை. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. புதிய உதிரிப்பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே கொம்பனியாக இணைந்ததால் இரண்டாம் வரிசை மைனரின் இயந்திரமே ஒஸ்ரினுடையதுதான். எங்கள் திருத்துநர்கள் அந்த உறவை ஸ்ரியரிங் வரைக்கும் நீட்டிவிட்டார்கள்.

புதுப்பிக்கும் முறையை முதியவர் விளக்கினார். உள்ளே உருக்கு வளையம், மேலே பிளாஸ்ரிக் அல்லது கடின றப்பர். வெப்பத்தில் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. காலம் செல்லப் பிளாஸ்ரிக் சுருங்கி, ஆரக்கால் சேருமிடத்தில் வெடிக்கும். வெடிப்பை அரத்தால் ஆப்பு வடிவில் அகலித்து, எண்ணெய்ப்பசை போகக் கழுவி, உள்ளிரும்பின் துருவை நீக்கி, இரு கலவை எப்பொக்சிப் பசையை மட்டத்துக்கு மேலாக நிரப்பி, இறுகியபின் அராவி வர்ணம் பூசவேண்டும். ஐசோசயனேற் கலந்த வர்ணத்தை வீட்டுக் கராஜில் விசிறுவது ஆபத்து, ஆஸ்த்மாவை உண்டாக்கும். அதனை உரிய சுவாசக் கருவி உடையோரிடம் விட்டுவிடுக. கழற்றும்போதும் சுத்தியலால் அடிக்கலாகாது. தண்டிலும் குடத்திலும் அடையாளமிட்டு, இழுகருவியாலே எடுக்கவேண்டும்.

ஆனால் ஒட்டிய குடத்தை வீதியில் நம்பமுடியாது என்று முதியவர் உறுதியாகச் சொன்னார். நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் இந்நாட்டில் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. 2023 ஓகஸ்ட்டில் லண்டன் முழுவதற்கும் விரிந்த புகைக் கட்டணமும் வரலாற்று வாகனமாகப் பதிந்தவற்றுக்கு இல்லை. எனினும் கார் ஓடத்தக்க நிலையில் இருக்கவேண்டியது உரிமையாளரின் சட்டப் பொறுப்பு. இரண்டு கிழமை யோசித்த நண்பர் பான்ஜோ ஸ்ரியரிங் ஒன்றை வாங்கிக் காருக்குப் பூட்டினார். தந்தையின் ஸ்ரியரிங்கை வெடிப்பு நிரப்பி, கறுப்பு வர்ணம் பூசி, வரவேற்பறையில் மாட்டலாம் என்பது ஏற்பாடு.

அந்த வர்ணம் பூசப்படவில்லை. வட்டையின் மேற்பாதியில் வெடிப்பை மறைத்து நைலோன் நூல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதனை அறுக்குமுன் எண்பத்தாறு வயதுத் தாயாரிடம் காட்டியிருக்கிறார் மகன். அம்மா விரலால் தடவிப் பார்த்து, “உதை நான்தான் சுத்தினனான் தம்பி. கொப்பற்ற கை கிழியுது எண்டு” என்றாராம். ஆகவே முதியவர் குடத்தின் துருவை மட்டும் நிறுத்தி, நூலில் கைவைக்காமல் திருப்பிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, அந்தப் பித்தளை ஒட்டைப் படமெடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டார்.