சத்திரப்பட்டி பேண்டேஜும் உலகச் சந்தையின் கணக்கும்

1927-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ன்ஸ்வில் நகரை ஒட்டி, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஒரு நெசவாலையைக் கட்டியது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டி, சிக்கோப்பி என்று பெயரிட்டு ஓர் ஊரையே எழுப்பியது. அங்கே நெய்தது காயத்துக்குக் கட்டும் காஸ் துணி. தறியில் நெய்வதிலிருந்து பொட்டலம் கட்டி விற்பது வரை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த காலம் அது. இன்று மருத்துவத் துணியைத் தங்கள் பெயரை அச்சிட்டு விற்கும் மேலைநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு தறிகூடக் கிடையாது. சீனாவிலும் இந்தியாவிலும் நெய்து வாங்கிக்கொள்கின்றன. அப்படி நெய்து கொடுக்கும் இடங்களில் ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் சத்திரப்பட்டியும், அதன் பக்கத்து ஊர்களான சமுசிகாபுரமும் அய்யனாபுரமும் உண்டு. வேலையை வெளிநாட்டுக்குக் கொடுத்து வாங்கும் முறை உலகப் பொருளாதாரத்தை எப்படி வளைத்திருக்கிறது என்று பார்க்க ஐ.டி. கம்பெனிகளைவிட இந்த விசைத்தறிக் கூடங்களே நல்ல சான்று. வேலை கடல் தாண்டி வந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கூடவே நஷ்டத்தைச் சுமக்கும் பொறுப்பும் கடல் தாண்டி வந்துவிட்டது. அது எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

வெளிநாட்டு ஆர்டரால் பிறந்த தொழில் அல்ல இது. கரிசல் பூமியின் பருத்தியை நம்பி, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. மருத்துவப் பஞ்சும் துணியும் செய்யும் கைத்திறன் இந்த வட்டாரத்தில் அப்போதே வேர்விட்டுவிட்டது. வெளிநாட்டு வியாபாரிகள் ஆர்டரோடு வந்தபோது நூல், தறி, ஆள், அனுபவம் எல்லாம் இங்கே தயாராக இருந்தன. கப்பலேற்றத் தூத்துக்குடித் துறைமுகமும் எட்டும் தூரத்தில் இருந்தது. கூலி மலிவு என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் வந்தார்கள் என்று சொல்வது இந்த மண்ணில் பல தலைமுறைகள் சேர்த்த தொழிலறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

அந்த அறிவு எங்கே இருக்கிறது, அதற்கான காசு எங்கே போகிறது என்பதை ஒரு துண்டு காஸ் துணியை வைத்தே சொல்லலாம். தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் தண்ணீரை உள்ளே விடாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, அலசி உலர்த்திய பிறகுதான் அது மருத்துவத் துணி ஆகிறது. அப்போது தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது விதி. அடுத்து மடிப்பு. வெட்டிய ஓரத்து நூல் பிரிந்து காயத்துக்குள் போய்விடாதபடி ஓரங்களை உள்பக்கமாக மடித்து நான்கு மடிப்பு, எட்டு மடிப்பு என்று அடுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் துணி என்றால் பேரியம் சல்பேட் கலந்த நீல நூல் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். வயிற்றுக்குள் துணி தவறித் தங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் அந்த நூல் காட்டிக்கொடுக்கும். கடைசியாகக் கிருமி நீக்கம், முத்திரையிட்ட பொட்டலம், சோதனைச் சான்று. இந்த வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை ஏறுகிறது. நெசவு அடிப்படியில் நிற்கிறது. சான்றும் பெயரும் மேல்படியில் நிற்கின்றன. தறிக்காரருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலி; மேல்படியில் இருப்பவருக்குக் கிடைப்பது விலையை நிர்ணயிக்கும் உரிமை. தைவானின் ஏசர் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டான் ஷி, வடிவமைப்பும் பெயரும் இருக்கும் இரு முனைகளில்தான் வருமானம், நடுவில் இருக்கும் உற்பத்தியில் மிகக் குறைவு என்று 1992-இலேயே வரைந்து காட்டினார். கணினிக்கு அவர் சொன்னது பேண்டேஜுக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேலையைப் பிறருக்குக் கொடுக்கும் இந்தச் சங்கிலி தூத்துக்குடியில் முடிந்துவிடுவதும் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஏற்றுமதியாளரிடம் கொடுக்கிறது. அவர் ஊரில் உள்ள பெரிய உற்பத்தியாளரிடம் கொடுக்கிறார். அவர் பாவும் ஊடையும் கொடுத்துக் கூலித் தறிக்காரரிடம் நெய்து வாங்குகிறார். தறிக்காரர் ஷிப்டுக்கு ஆள் வைத்து ஓட்டுகிறார். மடிக்கும் வேலை வீட்டுப் பெண்களிடம் போகிறது. கொடுப்பவர் ஒவ்வொருவரும் வேலையோடு நிச்சயமின்மையையும் சேர்த்தே இறக்கிவைக்கிறார். 2022 மே மாதம் பருத்தி விலை கண்டிக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறினால் ஏற்றுக்கொண்ட ஆர்டரின் விலை ஏறாது. டாலரில் பேசி முடித்தது முடித்ததுதான். அந்த இடைவெளியை ஏற்றுமதியாளர் கொஞ்சம் தாங்குவார். மீதி கீழே வரும். கீழே இருப்பவருக்கு அதை இறக்கிவைக்க ஆள் இல்லாததால் தறியை நிறுத்துவார். கூலி உயர்வு கேட்டு இந்த ஊர்களில் நடந்த வேலைநிறுத்தங்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வேலை கொடுத்தவரும் வேலை செய்தவரும் ஒரே தெருவில் நின்று மோதிக்கொள்வார்கள். விலையை முடிவு செய்தவர் பேச்சுவார்த்தையிலேயே இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது. சிறு தறிக்காரருக்கு அது உயிர்நாடி, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பேரம் பேசும் பலம் முழுவதும் வாங்குபவரிடம் இருக்கும் சந்தையில், நம் மக்களின் வரிப்பணத்தில் கிடைத்த அந்தச் சலுகையில் ஒரு பகுதி துணி விலையில் கரைந்து வெளிநாட்டுப் பொட்டலத்துக்குள் போய்விடுகிறது.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. இந்த ஆர்டரும் இல்லாவிட்டால் என்ன செய்வது? மழை மறைவுப் பிரதேசம். கண்மாய் நிறைந்தால்தான் வயல். சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் போல, சத்திரப்பட்டிக்குத் தறி சோறு போடுகிறது. 1817-இல் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் வைத்து, எதை ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்ய முடியுமோ அதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு நாடும் லாபமடையும் என்று காட்டினார். அந்தக் கணக்கு தவறல்ல. உலகமெங்கும் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு மலிவான காஸ் துணி கிடைப்பதும் சிறிய நன்மை அல்ல. வேலை வரக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் இரு நாட்டுக்கும் மொத்தத்தில் லாபம் என்று மட்டும்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. லாபத்தை யார் யார் எப்படிப் பிரித்துக்கொள்வார்கள் என்பதை அது சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது பேரம் பேசும் பலம். 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வென் நகருக்குப் போனபோது, இந்தியா அந்நியத் துணியை ஒதுக்கியதால் வேலை இழந்த நெசவாளர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அவர்களின் துன்பத்தைக் கேட்டுக்கொண்ட அவர், இந்தியாவின் வறுமையையும் எடுத்துச் சொன்னார். வேலை இடம் மாறும்போது இரு கரையிலும் தொழிலாளிதான் விலை கொடுக்கிறான் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

இரண்டாவது மறுப்பு வியாபாரிகளுடையது: விலையைக் கூட்டிக் கேட்டால் வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். சாதாரணக் காடாத் துணிக்கு இது ஓரளவு சரி. கிருமி நீக்கிய மருத்துவத் துணிக்கு அவ்வளவு சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவக் கருவிகள் சட்டம் 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருள் எங்கே, எப்படி, எந்தத் தரமுறையில் தயாரானது என்பதற்கு ஆவணம் கேட்கிறது. ஒரு தொழிற்கூடத்தைச் சோதித்து ஒப்புதல் வாங்கிய பிறகு அதை மாற்றுவது வாங்குபவருக்கும் செலவு. அறுவைச் சிகிச்சையின் மொத்தச் செலவில் துணியின் பங்கு மிகச் சிறியது. தறிக்கூலி அதிலும் சிறிய துளி. அதைக் கொஞ்சம் உயர்த்தினால் எந்த நோயாளியின் பில்லும் ஏறிவிடாது. வாங்குபவர் மனம் வைத்தால் சங்கிலியின் அடிவரை பார்க்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. உலக ஆஸ்பத்திரிகளுக்கு அறுவைக் கத்தி, கத்தரி செய்யும் பாகிஸ்தானின் சியால்கோட் பட்டறைகளில் தொழிலாளர் நிலை பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவர் மஹ்மூத் பூட்டா 2006-இல் எழுதினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைக் கையில் எடுத்தது. ஸ்வீடனின் மாகாண மருத்துவ நிர்வாகங்கள் கொள்முதல் ஒப்பந்தத்தில் தொழிலாளர் நிலை பற்றிய நிபந்தனைகளைச் சேர்த்தன. கத்திக்கு முடிந்தது பேண்டேஜுக்கு ஏன் முடியாது?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மலிவாக வாங்கும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்று கொரோனா காட்டியது. 2020 ஜனவரி 31 அன்று இந்தியா முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பணக்கார நாடுகளே முகக்கவசத்துக்காகத் திண்டாடின. பேண்டேஜ் நெய்த இந்த வட்டாரம் முகக்கவசம் தைக்க இறங்கியது. அந்தச் சில மாதங்கள் வாங்குபவர் கெஞ்சினார். நெருக்கடி தணிந்ததும் பழைய பேரம் திரும்பியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டபோது, தள்ளுபடி கேட்டு அழுத்தம் வந்தது இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு. வாஷிங்டனில் எடுத்த முடிவின் சுமையும் படிப்படியாகத் தறிக்கூடம் நோக்கித்தான் இறங்கும்.

பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்கு நேர் எதிரான பாடம் வைத்திருக்கிறது. அங்கே பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா கிண்டித் தன் பெயரில் விற்கிறது. வாங்குபவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அதனால் அந்தப் பெயருக்கான காசு ஊரிலேயே தங்குகிறது. காஸ் துணிக்கு இதை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. நாக்குக்கு ருசி தெரிவது போல, காயத்துக்கு ஊர் தெரியாது. மருத்துவத் துணியில் ஊர்ப் பெயருக்குப் பதில் வேலை செய்வது தரச்சான்று. ஆகவே ஊர் கைப்பற்ற வேண்டியது அந்த மேல்படியை. சலவை, கிருமி நீக்கம், சோதனைக்கூடம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சின்ன உற்பத்தியாளர் யாரும் போட முடியாது, கூட்டாகப் போடலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அதிலேயே சேர வேண்டும். வெளுக்கும் தண்ணீர் கண்மாயில் கலந்தால் அந்தக் கடனையும் இந்த மண்ணே அடைக்க வேண்டியிருக்கும். இலவச மின்சாரத்துக்குச் செலவிடும் அரசு, அதில் ஒரு சிறு பங்கை இப்படிப்பட்ட பொதுக் கூடத்துக்கு ஒதுக்கினால் அந்தப் பணம் விலையில் கரையாமல் ஊரில் நிற்கும்.

ஏற்றுமதி ஒப்பந்தத்திலேயே ஒரு மாற்றம் வேண்டும். நூல் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் வாங்கும் விலையும் அதற்கேற்ப ஏறும் என்று ஒரு வரி. எரிபொருள், நிலக்கரி ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனை சாதாரணம். பேண்டேஜ் ஏற்றுமதியாளர்கள் தனியாகக் கேட்டால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போகும். எல்லாரும் சேர்ந்து கேட்டால் போகப் பக்கத்துக் கடை இருக்காது. தறிக்காரர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, உள்ளூர் முதலாளியிடம் மீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.