பம்பிங் 35

எக்கோ எடுத்துவிட்டு வருபவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "பம்பிங் எவ்வளவு?" என்பதுதான். 35 என்றதும் எல்லோர் முகமும் வாடிவிடும். பரீட்சை மார்க் போல நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் நமக்கு. உண்மையில் எந்த இதயமும் நூறு வாங்காது. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே அந்த எண். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பம்பிங் சரியாகவே இருக்கும். அவர்களுக்குத் தசை விறைத்துப்போய், ரத்தம் நிரம்ப இடம் கொடுப்பதில்லை.

'செயலிழப்பு' என்பதும் பொல்லாத பெயர். இதயம் நின்றுவிடவில்லை, ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. ரத்த ஓட்டம் குறைந்ததும், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதென்று ஏமாந்துபோகும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உபகாரம் செய்யப் போய் உபத்திரவம். பகலில் அந்த நீர் காலில் இறங்கும். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும், மெதுவாகத்தான் மேலெழும். படுத்தால் நுரையீரலில் தேங்கும். ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு, மூன்று என்று அடுக்க ஆரம்பிப்பது அதனால்தான்.

எத்தனை நாள் தாங்கும்? நோய் தெரிந்தபின் ஐந்து ஆண்டுகளில் சுமார் பாதிப் பேர் இறக்கிறார்கள் என்கின்றன பெரிய கணக்கெடுப்புகள். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அது தள்ளாத வயதினரையும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒருவருடைய ஜாதகம் அல்ல. மருந்துகளும் மாறிவருகின்றன. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் உதவுவது 2019-இல் தெரியவந்தது. மருந்தில் பம்பிங் நன்றாக ஏறியவர்களும் உண்டு. தேறிய பிறகு, டாக்டர்களின் கண்காணிப்பிலேயே மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தது 2018-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வு. பத்தில் நான்கு பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது.

எக்கோவை விட எனக்கு நம்பிக்கை, வீட்டு எடை மெஷின் மேல். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன் ஏறி நின்று காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, தண்ணீர். அடுத்த செக்கப் வரை காத்திராமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊறுகாயையும் கருவாட்டையும் தள்ளி வையுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். வலி மாத்திரைகள் பலவும் நீரைத் தேக்குபவை.